எறும்பைத் தின்னும் பூண்டும் அதைத் தின்ற புழுவும்

பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் படங்களை அச்சடிக்கிற ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. சிவகாசியில் அப்படிப்பட்ட அச்சகங்கள் நிறைய உண்டு. படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்குவது, கீழே எழுத்தைப் பொருத்துவது, பிழை பார்த்து மெஷினுக்கு அனுப்புவது என் பொறுப்பு. பழங்கள், பறவைகள், மனிதனின் சீரண மண்டலம், சூரியக் குடும்பம் என்று பதினேழு வருடங்களில் என் கை படாத சார்ட் குறைவு. அதனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு நாலு வரி தெரியும். ஐந்தாவது வரி தெரியாது. என் கணவர் வீட்டில் சொல்லிச் சிரிப்பது இதைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம், ‘பூச்சி உண்ணும் தாவரங்கள்’ என்று ஒரு சார்ட் வேலைக்கு வந்தது. வடக்கே ஓர் ஊரிலிருந்து ஆர்டர் கொடுத்தவர் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். ஆறு படங்களும் ஆறு குறிப்புகளும் அனுப்பியிருந்தார். ஒன்றில் செடியின் இலை நுனியில் குடம் தொங்கியது. இன்னொன்றில் இலையே வாயைப் போலத் திறந்திருந்தது. மூன்றாவதில் ஒரு சின்னச் செவ்வட்டச் செடி. இலை நிறைய முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் பனித்துளி போல ஒரு சொட்டு. அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும் பூச்சியை இலை மடங்கிப் பிடித்துத் தின்றுவிடும் என்று குறிப்பு சொன்னது. ‘பனித்துளிச் செடி: மண்ணில் சத்துக் குறைந்த, குளிர்ந்த சதுப்பு நிலங்களில் வளரும். நம் சமவெளிகளில் காணப்படுவதில்லை’ என்று நான்தான் தட்டச்சு செய்தேன்.

மாதிரிப் படி ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்துத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பட்டை அடிக்கிற அக்கா உள்ளே வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வருடத்தில் பத்து மாதம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி முடிந்து கம்பெனி மூடிக்கிடக்கும் வாரங்களில், காலண்டர் சீசனுக்காக எங்கள் அச்சகத்துக்கு வருவார். தாள்களின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற வேலை. காலால் மிதிக்கிற மெஷினில் அவர் வேகத்துக்கு வேறு ஆள் கிடையாது. என்னுடைய அறையில் மட்டும்தான் ஏசி. அதனால் ரப்பர் பேண்டு கேட்டும் பேனா கேட்டும் ஒரு நாளைக்கு நாலு பேராவது வந்து நின்றுவிட்டுப் போவார்கள். அவர் எதையும் கேட்க மாட்டார். நேராக வந்து, “யக்கா, ரெண்டு நிமிசம் குளிர்ந்துட்டுப் போறேன்” என்பார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். யாருக்கு வயது கூட என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்டால் ஒருவர் தோற்க வேண்டியிருக்கும்.

அன்றைக்கு அவர் சுவரைப் பார்த்தார். மற்ற ஐந்து படங்களையும் தாண்டி அந்தச் சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார்.

“இது எங்க ஊர்ல கெடக்குற பூண்டுல்ல. இத எதுக்கு யக்கா படம் போடுறீக?”

“இது உங்க ஊர்ல இருக்காதுக்கா. குளிர் பிரதேசத்துல வளர்றது.”

“அழுகண்ணிம்போம். மழை பேஞ்சதும் தரையோட தரையா மொளைக்கும். எந்நேரமும் அழுத கண்ணு மாதிரி இருக்கும்.”

“அது வேற ஏதாவது இருக்கும்க்கா. இது பூச்சியைத் திங்கிற செடி.”

“திங்குமோ என்னமோ, எறும்பு செத்து ஒட்டிக் கெடக்கும். நான் பாத்திருக்கேன்.” கீழே இருந்த எழுத்தைக் காட்டி, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

வாசித்துக் காட்டினேன்.

“தப்பா எழுதியிருக்கீக” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை. மெஷினில் மை கூடியிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்டர் கொடுத்தவர் ஆசிரியர். படம் எங்கோ வெளிநாட்டில் எடுத்தது. ஏழாயிரம்பண்ணை என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காய்ந்த காடும், காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகளும்தான். பூச்சி தின்னும் செடி அங்கே எதற்காக வரப் போகிறது?

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு டிபன் பாக்ஸை என் முன்னால் வைத்தார். “காலையில எடுத்தேன். பாருங்க” என்றார். சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தோம். மூடியைத் திறந்தேன். ஊரிலிருந்து வருகிற வேனில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றிருக்க வேண்டும். பாக்ஸ் எத்தனை முறை தலைகீழாகப் புரண்டதோ தெரியாது. உள்ளே ஈர மண்ணும், மண்ணோடு குழைந்த ஏதோ ஒரு சிவப்பும்தான் இருந்தன. இலையும் இல்லை, முடியும் இல்லை, சொட்டும் இல்லை.

மெஷின் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து, “யக்கா பீட்ரூட் பொரியல் கொண்டாந்திருக்காக” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

அடுத்த இரண்டு நாட்கள் அவர் என் அறைப் பக்கம் வரவில்லை. மற்றவர்கள் வழக்கம்போல ரப்பர் பேண்டு கேட்டு வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் தாள் சுருண்டதால் மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். எனக்கு வேலை குறைவு. சுவரில் ஒட்டியிருந்த மாதிரிப் படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் விடியற்காலையில் குனிந்து மண்ணோடு பெயர்த்து, பாக்ஸில் வைத்து, இருபத்தைந்து கிலோமீட்டர் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. பதினேழு வருடம் நாலு வரி தட்டச்சு செய்தவள் என்பதைத் தவிர அவரைவிட எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை.

எழுந்து பட்டை மெஷினுக்குப் போனேன்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா?”

“எதுக்கு?”

“உங்க பூண்டைப் பார்க்கணும்.”

அவர் நிமிரவில்லை. இன்னும் மூன்று காலண்டருக்குப் பட்டை அடித்தார். நாலாவதைக் கையில் எடுத்த பிறகு சொன்னார்: “பத்து மணிக்குள்ள வந்துருங்க. வெயிலேறுனா அந்தச் சொட்டு வத்திப் போகும்.”

ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். ஞாயிறு காலை அவருக்குத் தூங்குவதற்கு மட்டுமே உரியது. “செடி பூச்சியைத் திங்குறதைப் பாக்கவா என்னை எழுப்புன?” என்று வெம்பக்கோட்டை வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு வழியெல்லாம் பச்சையாக இருந்ததால் பேச்சை நிறுத்திவிட்டார். மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் அப்படித்தான். மக்காச்சோளம் இடுப்பு உயரம் நின்றது. பட்டாசு அறைகளின் சுவரோரம்கூடக் கொடி ஏறியிருந்தது. கம்பெனிகளின் கேட்டுகள் பூட்டியிருந்தன. உள்ளே மாடுகள் யாரையும் கேட்காமல் மேய்ந்தன.

அக்கா ஊர் எல்லையிலேயே காத்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். என் கணவரிடம், “வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?” என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார். கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு எட்டுக்கும் எங்கள் உயரம் கூடிக்கொண்டே போனது. கண்மாய்க் கரையைத் தாண்டி, நிறைந்த தண்ணீர் வெளியே வழிகிற இடத்துக்குக் கீழே போனதும் மண் மாறியது. சிவந்த சரளைத் தரை. ஒரு பக்கம் மெல்லிசாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஊசி ஊசியாக இருந்த புல்லைத் தவிர எதுவும் இல்லை.

“இங்கன ஒண்ணுமே வெளையாதுக்கா. எங்க மாமனாரு கம்பு போட்டுப் பாத்தாரு, மொளைக்கல. எள்ளு போட்டாரு, மொளைச்சிட்டுச் செத்துப் போச்சு. மண்ணுல சத்தே கெடையாது.”

மண்ணில் சத்துக் குறைந்த இடம். நான் தட்டச்சு செய்த அதே வார்த்தைகள். தட்டச்சு செய்தபோது அதற்கு ஒரு பொருளும் இல்லை. மண் சோறு போடாத இடத்தில் ஒரு செடி பிழைக்க வேண்டுமென்றால் வேறு எங்காவது கை நீட்டித்தான் ஆக வேண்டும் என்பது, எள் செத்த கதையைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் செடியைக் காணவில்லை. அவர் அன்றைக்குப் பெயர்த்தெடுத்த இடத்தில் பெரிய பள்ளம் இருந்தது. ரோடு போடுவதற்கு யாரோ ஜேசிபி விட்டுச் சரளையை அள்ளியிருந்தார்கள். பள்ளத்தில் சிவப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவர் அதன் விளிம்பில் நின்றார்.

“புதங்கிழமை இங்கனதான் எடுத்தேன். எம்புட்டுக் கெடந்துச்சு தெரியுமா.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். இரண்டாவது முறையும் பொய்யாகிவிட்டோமே என்று அவர் நினைப்பது அவருடைய முதுகிலேயே தெரிந்தது. நான் அவசரமாக, “பரவாயில்லக்கா, நீங்க சொன்னா சரிதான்” என்றேன். அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும். குனிந்து தேட ஆரம்பித்தோம். கால் மணி நேரம் தேடியிருப்போம்.

செருப்பில் ஏறிய மண்ணின் கனம் தாங்காமல் என் கணவர் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வெறுங்காலோடு நின்றிருந்தார். “இந்தா, காலுல என்னமோ பசையா ஒட்டுது” என்றார்.

அக்கா ஓடினார். நானும் ஓடினேன். “காலத் தூக்குங்கண்ணே. எடுத்து வேற எங்கயும் வச்சிராதீக, அப்பிடியே நில்லுங்க” என்று அவர் சொன்னதும் என் கணவர் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்.

தரை முழுக்க இருந்தது. நின்று பார்த்தால் சரளைக் கல்லின் சிவப்பு. உட்கார்ந்து பார்த்தால்தான் செடி. ஒரு ரூபாய்க் காசின் அகலம், அதைவிடச் சிறியதாகவும் உண்டு. கரண்டி போன்ற இலைகள் வட்டமாகத் தரையோடு ஒட்டிப் படிந்திருந்தன. நடுவிலிருந்து நூல் போல ஒரு தண்டு எழுந்து வெள்ளையாக ஒரு பூ. எங்களைச் சுற்றி நூறு இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். ஒவ்வொன்றிலும் சொட்டுகள் மின்னின.

நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். அச்சில் மைப் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் சிறிய மடக்கு லென்ஸ் அது. தாளின் மேல் வைத்துக் குனிவதைப் போலவே செடியின் மேல் வைத்துக் குனிந்தேன். சிவப்பு முடிகள், ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணாடி மணி. சுவரில் ஒட்டிய படத்தைவிட அழகாக இருந்தது. ஒரு மணியில் வானம் தெரிந்தது. பக்கத்து இலையில் ஒரு கட்டெறும்பின் உடற்கூடு மட்டும், உள்ளே ஒன்றும் இல்லாமல், கறுப்புத் தொலியாகக் கிடந்தது.

“நீங்க பாருங்கக்கா” என்று லென்ஸைக் கொடுத்தேன்.

அவர் செடிக்குச் செடி லென்ஸை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எத்தன வருசமா மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

அப்போது ஓர் எறும்பு வந்தது. நாங்கள் யாரும் பிடித்து விடவில்லை, அதுவாகத்தான் வந்தது. இலையின் ஓரத்தில் ஏறி, ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்தது. ருசி பிடித்திருக்க வேண்டும், இன்னும் ஓர் அடி வைத்தது. முன்கால் மாட்டியது. அதை இழுக்க நடுக்காலை ஊன்றியது, அதுவும் மாட்டியது. இலை ஓரத்து நீண்ட முடிகள் எழுந்து உள்பக்கமாக வளைந்தன. செடி அசைவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தொட்டாற்சிணுங்கி உண்டு, அது பயந்து சுருங்கும். இது பயப்படவில்லை. கை நீட்டி அணைப்பதைப் போல நிதானமாக, எறும்பை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

“பாவம்” என்றார் அக்கா.

“செடிக்கும் பசிக்கும்ல” என்றார் என் கணவர். அதுவரை தூக்கத்தைப் பறிகொடுத்த மனிதராக இருந்தவர், எப்போது முழங்கால் போட்டு உட்கார்ந்தாரோ தெரியவில்லை. வேட்டியெல்லாம் செம்மண். வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையை உடைத்து, வெள்ளைக் கருவில் கடுகளவு கிள்ளி ஓர் இலையில் வைத்தார். முடிகள் அதற்கும் வளைந்தன. “சாப்பிடுது” என்றார். சின்னக் கல் ஒன்றை இன்னோர் இலையில் வைத்தார். அதற்குச் செடி அவ்வளவாக அசையவில்லை. “எதுக்கு வாயத் தொறக்கணும்னு இதுக்குத் தெரியுது பாரேன்.” பிறகு இதில் பத்துச் செடியைக் கொண்டுபோய்க் குளியலறை ஜன்னலில் வைத்தால் கொசுவர்த்தி வாங்க வேண்டியதில்லை என்று திட்டம் போட்டார்.

“இங்கனயே கெடக்கட்டும்ணே. நல்ல மண்ணுல வச்சா செத்துப் போகும்” என்று அக்கா முடித்துவிட்டார்.

நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்க்கிறவர்களுக்குச் செடியின் அளவு தெரியட்டும் என்று அவரைப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னேன். விரலை வைத்தவர், “யக்கா, இங்க ஒரு புழுவும் மாட்டிக்கிச்சு” என்றார்.

இலையின் மேல் ஒரு புழு. ஓர் அரிசியின் பாதி நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் மெல்லிய முடி. செடியின் நிறத்திலேயே இருந்ததால் அவர் காட்டாவிட்டால் தெரிந்திருக்காது. எறும்பைவிட இளசான உடம்பு. பசையிலிருந்து எப்படித் தப்பும்? மூவரும் தலைகளை ஒட்டி வைத்துக்கொண்டு, அது எப்போது துடிக்கும் என்று காத்திருந்தோம். ஐந்து நிமிடம் ஆகியும் துடிக்கவில்லை. லென்ஸை நானும் அக்காவும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். அவர் முறை வந்தபோது, திடீரென்று என் தோளைப் பிடித்தார்.

“யக்கா, அது மாட்டல. அது திங்குது.”

வாங்கிப் பார்த்தேன். புழு ஒரு முடியின் தலையில் வாயை வைத்திருந்தது. சொட்டு சின்னதாகி, இல்லாமல் போனது. பிறகு அந்த முடியையே நுனியிலிருந்து கடித்துக்கொண்டு கீழே இறங்கியது. அடுத்த முடிக்குப் போனது. முதலில் பசையைக் குடித்து, அதன் பிறகு முடியைத் தின்று, எந்த அவசரமும் இல்லாமல் நகர்ந்தது. அது கடந்துவந்த பாதையில் இலை மழித்த தலை போல வழவழவென்று கிடந்தது. தன்னைத் தின்ன நீட்டிய கைகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே அது செடியின் நடுவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. என் கணவர் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“இம்புட்டு நேரம் எறும்புக்குப் பாவப்பட்டேன். இப்ப இந்தப் பூண்டுக்குப் பாவப்படணும் போலிருக்கு” என்றார் அக்கா.

“அந்தப் புழுவை எது திங்கும்?” என்று என் கணவர் கேட்டார்.

“எங்க வீட்டுக் கோழிய இங்கன விட்டா ஒரு கொத்துதான்.”

“கோழியை?”

“அது கொழம்பாகி ரெண்டு மணி நேரமாச்சு. வாங்க, ஆறிப்போகும்.”

அவர் வீட்டில் எங்களுக்காக நாட்டுக்கோழி அடித்திருந்தார். அவருடைய கணவர் மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்து எங்களோடு உட்கார்ந்தார். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுக்காகவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீக?” என்று கேட்டார். என் கணவர் சோற்றில் கை வைத்தபடியே அவருக்குப் புழுவின் கதையை முதலிலிருந்து சொன்னார். கதையில் புழு கொஞ்சம் வளர்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை படங்களை எங்கள் முதலாளியிடம் காட்டினேன். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அச்சில் ஒரு நூல் நிறம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். மற்றபடி, ஆர்டர் கொடுத்தவர் கொடுத்ததில் ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

“மேட்டர் தப்புன்னு நம்ம எப்படிம்மா சொல்ல முடியும்? அவரு வாத்தியாரு.”

“படம் இருக்கே அண்ணாச்சி. நானே தொட்டுப் பார்த்துட்டு வந்திருக்கேன்.”

“எங்க?”

“ஏழாயிரம்பண்ணைப் பக்கம்.”

அவர் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஏழாயிரம்பண்ணைக்கு நான் பட்டாசு லேபிள் லோடு அனுப்பாத நாளே கெடையாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆசிரியருக்கு அவரே போன் போட்டார்.

ஆசிரியர் வாதாடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் படங்களை அனுப்பச் சொன்னார். தனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டினார். அடுத்த நாள் மாலையே எனக்குப் போன் வந்தது. அதே இனம்தான், மழைக்குப் பிறகு சத்தில்லாத ஈர மண்ணில் சமவெளியிலும் வரும், பேராசிரியரே மகிழ்ந்துபோனார் என்றார். “பழைய குறிப்பொண்ணைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன்மா. என் மேல தப்பு. அந்த வரியை எடுத்துடுங்க. படத்தையும் உங்க படமாவே போட்டுடுங்க.” பிறகு, “புழு நிஜமாவே தின்னுச்சா?” என்று கேட்டார். தின்றது என்றேன். “முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். பார்த்ததே இல்லை” என்றார். அவர் குரல் பையனுடையது போல இருந்தது.

அப்படியாக அக்கா விரல் வைத்த படத்தை நான் சார்ட்டில் ஏற்றினேன். அண்ணாச்சிக்கு அதில் ஒரு குறை. விரலை வெட்டிவிடச் சொன்னார். தீபாவளி முடிந்து ஒரு மாதமாகியும் அந்த நகத்தின் ஓரத்தில் அலுமினியப் பவுடரின் சாம்பல் நிறம் ஒரு கோடாகப் படிந்திருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிற கைகளில் அது லேசில் போகாது.

“பள்ளிக்கூடத்துக்குப் போற சார்ட். நகம் அழுக்கா இருக்கே.”

“அழுக்கில்ல அண்ணாச்சி, வெள்ளிப் பவுடரு. விரல் இருந்தாத்தான் செடி எம்புட்டுன்னு பிள்ளைகளுக்குத் தெரியும்.”

“ஸ்கேல் வச்சு எடுத்திருக்கலாம்ல?”

“ஸ்கேலா கண்டுபிடிச்சது?”

வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணாச்சியிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படத்தை ஒரு பார்வை. “நகத்துக்குக் கொஞ்சம் கறுப்பு குறை, போதும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் குறைக்கவில்லை. அவரும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

‘புழுவும் அந்தச் செடியைத் தின்னும்’ என்று ஒரு வரி சேர்க்க ஆசிரியர் ஆசைப்பட்டார். தலைப்பு பூச்சி உண்ணும் தாவரங்கள் என்று இருக்கும்போது தாவரம் உண்ணும் பூச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல், கீழ் மூலையில் ஒரு சிறு வட்டத்துக்குள் புழுவை வைத்தேன். பள்ளிப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது அந்த வட்டத்தைத்தான் என்று ஆசிரியர் பிறகு சொன்னார்.

சார்ட் அச்சாகிப் பட்டை அடிக்கப் போன அன்று நான் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு மெஷின் பக்கமாகப் போய் நின்றேன். அக்கா முதல் தாளை எடுத்தார். தன் விரலைப் பார்த்தார். பட்டையை வைத்து மிதித்தார். இரண்டாவதை எடுத்தார். அப்போதும் பார்த்தார். அவர் வேகம் அன்று பாதிதான். மெஷின் ஓட்டுகிறவர் வந்து, ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “யக்கா, அன்னைக்குப் பொரியல்னு சொன்னேன். மனசுல வச்சுக்காதீக” என்றார்.

“அத அன்னைக்கே கழுவி ஊத்திட்டேன்” என்றார் அவர்.

தை பிறந்ததும் கம்பெனி திறந்து அவர் பட்டாசு வேலைக்குத் திரும்பிவிட்டார். மாசியில் போன் செய்தபோது, சரளைத் தரை காய்ந்துவிட்டது, பூண்டெல்லாம் கறுத்து உதிர்ந்துபோனது, ஆனால் விதை கிடக்கும், மழை பெய்தால் வரும் என்றார். பள்ளம் தோண்டுகிறவர்களிடம் அவர் கணவரை விட்டுப் பேசச் சொல்லி, ஜேசிபியைக் கண்மாயின் மறுகரைக்குத் திருப்பிவிட்டிருந்தார். அங்கேயும் சரளை இருக்கிறதாம்.

அடுத்த கார்த்திகையில் அந்தப் பேராசிரியர் கல்லூரி மாணவிகள் இருபது பேரோடு வந்து இறங்கினார். அக்காதான் வழி காட்டினார். எல்லோரையும் கரையிலேயே செருப்பைக் கழற்ற வைத்து, ஒருவர் பின் ஒருவராக, தான் கால் வைத்த இடத்தில் மட்டுமே கால் வைத்து நடக்கச் சொன்னாராம். பேராசிரியரும் அப்படியே நடந்தாராம். அதை எனக்குப் போனில் சொல்லும்போது அக்காவின் குரலில் இருந்த நிறைவை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

இந்த வருடம் மழை பிந்திவிட்டது. போன வாரம்தான் கண்மாய் பாதி நிரம்பியது. நேற்றுக் காலை நான் மெஷினுக்கு ஒரு வேலையை அனுப்பிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன்.

“யக்கா, கையில வேலையா?”

“சொல்லுங்கக்கா.”

“கண்மாய்த் தண்ணியில மஞ்சப் பூவா ஒண்ணு மெதக்குது. வேரே தரையில ஊனல. இழுத்துப் பாத்தா அடியில நாரு நாரா, அதுல கடுகு மாதிரி குட்டிக் குட்டிப் பையி. ஒரு பையை நசுக்கிப் பாத்தேன். உள்ள என்னமோ நெளிஞ்சுச்சு.”

நான் கையில் இருந்ததை வைத்துவிட்டேன். அந்தச் சார்ட்டில் பூச்சி பிடிக்கிற தண்ணீர்ச் செடிக்கு ஒரு வரிகூட இல்லை.

“தண்ணி எம்புட்டு ஆழம்க்கா?”

“இடுப்பளவு. மாத்துச் சேலை ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”